தளத்துக்கு ஆள் வருகிறது, வேலை வரவில்லை: தேவையானவர்களை மட்டும் எப்படி வரவைப்பது?

சுருள்கம்பி:

வணக்கம். மோட்டார் ரீவைண்டிங் (எரிந்த மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது), பம்ப் சர்வீஸ் செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்கான தளம். வேர்ட்பிரஸில் இருக்கிறது. 9 பக்கங்கள், 14 பதிவுகள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பவர்கள்தான் வாடிக்கையாளராக முடியும். அதைத் தாண்டி யாரும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

நிலவரம் இது. மாதம் சுமார் 3,800 வருகை என்று அனலிட்டிக்ஸ் காட்டுகிறது. படிவம் வழியாக வருவது நாலைந்து. அதிலும் ஒருவர் கல்லூரி ப்ராஜெக்டுக்கு வரைபடம் கேட்பார், இன்னொருவர் வேலை காலி இருக்கிறதா என்பார், மற்றொருவர் உங்கள் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்பார். அதிகம் பார்க்கப்படுவது, வைண்டிங்கில் சுற்று எண்ணிக்கையைக் கணக்கிடும் ஃபார்முலா பற்றிய ஒரு பதிவு. முகப்பையும் சர்வீஸ் பக்கத்தையும் சேர்த்தால்கூட அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது.

கூகுள் விளம்பரம் இரண்டு வாரம் ஓடியது. கிளிக் வந்தது, போன் வரவில்லை. இப்போது ஒரு ஏஜென்சி மாதம் 10,000 வருகைக்கு உத்தரவாதம், கூடவே 200 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) என்கிறது.

அந்த ஃபார்முலா பதிவை எடுத்துவிடலாமா? வருகிறவர்களில் யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று எங்கே பார்ப்பது? விளம்பரத்தில் எது தப்பாகியிருக்கும்? ஏஜென்சி சொல்வதை ஏற்கலாமா?

---

தேடல்வரி:

பதிவை எடுக்காதீர்கள். எடுத்தால் 3,800 என்ற எண் சரியும், வேலை ஒன்றுகூட அதிகமாகாது. ஃபார்முலா தேடி வருகிறவர் வேறு, எரிந்த மோட்டாரோடு நிற்கிறவர் வேறு. முதலாமவரைத் துரத்தினால் இரண்டாமவர் வந்துவிடமாட்டார்.

தேடுகிறவரின் நோக்கத்தை மூன்றாகப் பிரிப்பது 2002-இல் ஆண்ட்ரேய் பிரோடர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வரும் வழக்கம்: விவரம் தெரிந்துகொள்ள வந்தவர், குறிப்பிட்ட தளத்தைத் தேடி வந்தவர், ஒரு காரியத்தை முடிக்க வந்தவர். உங்கள் தளத்தில் முதல் வகைக்குப் பந்தி விரித்திருக்கிறது, மூன்றாம் வகைக்கு ஒரே ஒரு சர்வீஸ் பக்கம். வருகையும் அதே விகிதத்தில்தான் இருக்கும்.

ரிப்போர்ட்டைத் திறக்கும் முன் "வேண்டியவர்" யார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, "ஒரு மணி நேரத் தூரத்துக்குள், 1 முதல் 25 ஹெச்பி வரை மோட்டார் எரிந்து வேலை நின்றுபோனவர்." தூரம், அளவு, அவசரம் மூன்றும் அதில் இருக்கிறது. இனிப் பார்க்கும் ஒவ்வொரு தேடல் சொல்லையும் இந்த வரியோடு ஒட்டிப் பாருங்கள்.

பார்க்க வேண்டிய இடம் சர்ச் கன்சோல், கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி. அனலிட்டிக்ஸில் ஆள் வந்தது தெரியும், என்ன தட்டச்சு செய்து வந்தார் என்பது இங்கேதான் தெரியும். பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டில் தேதியைக் கடைசி 3 மாதம் ஆக்குங்கள் (16 மாதம் வரை பின்னால் போகலாம்). கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தெரிந்த தடவை), கிளிக் விகிதம், சராசரி இடம் நான்கையும் ஆன் செய்யுங்கள். பிறகு கொயரி (தேடல் சொல்) ஃபில்டரில் ரெஜெக்ஸ் (பல சொற்களை ஒரே வரியில் தேடும் முறை) தேர்ந்து இதைப் போடுங்கள்:

எப்படி|என்றால் என்ன|ஃபார்முலா|பார்முலா|வரைபடம்|பிடிஎஃப்|அட்டவணை

இதே சொற்களின் ஆங்கில வடிவத்தையும், தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது வரும் வடிவங்களையும் நடுவில் அதே செங்குத்துக் கோட்டைப் போட்டுச் சேருங்கள். கிடைக்கும் கிளிக் எண்ணிக்கை விவரம் தேடி வந்தவர்களுடையது. அடுத்து அதே ஃபில்டரை "பொருந்தாதவை" என்று மாற்றினால் மிச்சம் வரும். அந்த மிச்சத்தில் உங்கள் பட்டறைப் பெயரைத் தட்டி வந்தவர்களையும் கழியுங்கள். அவர்கள் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள். கடைசியில் நிற்பதுதான் புதிதாக வேலை கொண்டுவரக்கூடிய கூட்டம். அந்த எண் மிகச் சிறியதாக இருந்தால் பதற வேண்டாம், இனி வளர்க்க வேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

ஒரு எச்சரிக்கை: அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் அட்டவணையில் காட்டாது. ஆகவே வரிகளைக் கூட்டினால் மேலே உள்ள மொத்தத்தை எட்டாது. அட்டவணையும் 1,000 வரியோடு நின்றுவிடும். கணக்கு உதைக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து பேஜஸ் தாவலில் சர்வீஸ் பக்கத்தைச் சொடுக்கி, அப்படியே கொயரி தாவலுக்குத் திரும்புங்கள். இப்போது தெரிவது அந்தப் பக்கத்துக்கு மட்டும் வந்த தேடல்கள். இம்ப்ரெஷன் நிறைய, சராசரி இடம் 8 முதல் 20, கிளிக் ஏறக்குறைய இல்லை என்று இருக்கும் வரிகளைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். வேண்டியவர் தேடுகிறார், உங்கள் பக்கமும் வரிசையில் இருக்கிறது, ஆனால் அவர் கண்ணில் படும் உயரத்தில் இல்லை என்று பொருள். புதிதாக 20 பதிவு எழுதுவதைவிட இந்த வரிகளுக்கு ஏற்ப ஒரு பக்கத்தைத் திருத்துவது சீக்கிரம் பலிக்கும்.

ஃபார்முலா பதிவை என்ன செய்வது? அதன் மேல்பகுதியில், முதல் பத்திக்கு அடியில், "மோட்டார் ஏற்கெனவே எரிந்துவிட்டதா? ரீவைண்டிங் விவரம் இங்கே" என்று சர்வீஸ் பக்கத்துக்கு ஒரே ஒரு இணைப்பு. அவ்வளவு போதும். மாதக் கணக்குப் பார்க்கும்போது அந்தப் பதிவை விலக்கிவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கூகுள் இப்போது தேடல் முடிவுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் காட்டுகிறது. அந்தப் பதிவின் கிளிக் நாளைக்கே பாதியானாலும் உங்கள் தொழிலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

---

படிவம்_பார்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு: உங்க படிவம் வேலை செய்யுதான்னு பாத்தீங்களா? "என்கொயரி வரலை"ன்னு சொல்ற தளங்கள்ல கணிசமான இடத்துல என்கொயரி வந்து ஸ்பாம் பெட்டியில கிடக்கும், இல்லன்னா வழியிலேயே காணாமப் போயிருக்கும்.

நீங்க எதுவும் அமைக்கலைன்னா வேர்ட்பிரஸ் தானா சர்வரோட பிஹெச்பி மெயில் வழியா அனுப்பும். அந்த மெயிலுக்கு உங்க டொமைன் கையெழுத்து இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைன்லேர்ந்துதான் வருதுன்னு காட்டுற சான்றுகள்) ரெண்டுல ஒண்ணாவது கட்டாயம்னு எல்லா அனுப்புநருக்கும் விதி போட்டிருக்கு. இல்லாத மெயில் ஸ்பாமுக்குப் போகும், அல்லது ஏத்துக்கவே மாட்டான்.

இன்னொரு பழைய தப்பு: படிவத்துல "அனுப்புநர்" இடத்துல வாடிக்கையாளரோட மெயில் முகவரியைப் போட்டு வெச்சிருப்பாங்க, பதில் அனுப்ப வசதின்னு. அவரோட ஜிமெயில் பேர்ல உங்க சர்வர் அனுப்புற மாதிரி ஆயிடும். மோசடி மெயில்னு நினைச்சுத் தள்ளிடும். அனுப்புநர் உங்க டொமைன் முகவரியா இருக்கணும், வாடிக்கையாளர் முகவரி "ரிப்ளை டு" இடத்துல போகணும்.

செய்ய வேண்டியது: ஒரு எஸ்எம்டிபி பிளகின் போட்டு உங்க மெயில் சேவை வழியா அனுப்புங்க. டொமைன் டிஎன்எஸ்ல (டொமைனோட முகவரிப் பதிவேடு) எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவு சேருங்க. எஸ்பிஎஃப் ஒரே ஒரு பதிவுதான் இருக்கணும், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. காண்டாக்ட் ஃபார்ம் 7 வெச்சிருந்தா அது செய்தியைச் சேமிச்சு வைக்காது, மெயில் தொலைஞ்சா எல்லாமே தொலைஞ்சது. ஃபிளமிங்கோ பிளகின் சேர்த்தா வேர்ட்பிரஸ் உள்ளேயே ஒரு நகல் இருக்கும். அப்புறம் வெளி ஆளோட போன்லேர்ந்து, வைஃபை இல்லாம மொபைல் டேட்டாவுல, ஒரு தடவை படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்க. போட்டோ இணைச்சும் ஒரு தடவை. கேமரா போட்டோ பெருசா இருக்கும், அப்லோடு வரம்பு 2 எம்பின்னு இருந்தா பிழை வந்து ஆள் போயிடுவாரு.

போன் நம்பர் படமா இருக்கா, இல்ல தொட்டா டயல் ஆகுற இணைப்பா? மோட்டார் எரிஞ்சு நிக்கிறவரு படிவம் நிரப்பிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாரு, நேரா கூப்பிடுவாரு. அந்தத் தொடுதலை அனலிட்டிக்ஸ் தானா எண்ணாது. அதோட தானியங்கி அளவீடு வேற டொமைனுக்குப் போற இணைப்பைத்தான் பதியும், டயல் இணைப்பு அதுல வராது. டேக் மேனேஜர்ல (அளவீட்டுக் குறிகளைத் தளத்துல சேர்க்கிற கூகுள் கருவி) "ஜஸ்ட் லிங்க்ஸ்" டிரிகர் போட்டு, கிளிக் ஆகுற முகவரி டெல் முன்னொட்டோட ஆரம்பிச்சா ஒரு ஈவெண்ட் அனுப்புன்னு அமைக்கணும். வாட்ஸ்அப் இணைப்பு வெளி டொமைன்ங்கறதால அது மட்டும் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், தேடிப் பாருங்க.

அதனால "போன் வரலை"ன்னு நீங்க சொல்றது உண்மையா, இல்ல வந்த போன் எங்கேர்ந்து வந்ததுன்னு யாரும் கேக்கலையான்னு எனக்குச் சந்தேகம். போன் எடுக்கிறவர் பக்கத்துல ஒரு நோட்டு வெச்சு "எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க"ன்னு கேட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்க. எந்த மென்பொருளும் தராத கணக்கு அது.

---

ஏலமேசை:

விளம்பரக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டு வாரம் கிளிக், போன் இல்லை என்றால் பெரும்பாலும் அமைப்பில்தான் கோளாறு. வரிசையாகப் பாருங்கள்.

இடம். கேம்பெயின் செட்டிங்கில் ஊரைத் தேர்ந்தது மட்டும் போதாது. அதற்குக் கீழே லொகேஷன் ஆப்ஷன்ஸ் என்று மடித்து வைத்திருக்கும். அங்கே இயல்பாக இருப்பது "அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்." ஆர்வம் காட்டுபவர் உலகத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம். இதை "இருப்பவர்கள்" மட்டும் என்று மாற்றுங்கள். ஒரு மணி நேரத் தூரத்துக்குள் ஓடும் தொழிலுக்கு இந்த ஒரு பொத்தான்தான் பெரிய ஓட்டை.

நெட்வொர்க். தேடல் கேம்பெயின் தொடங்கும்போது சர்ச் பார்ட்னர்ஸ், டிஸ்ப்ளே நெட்வொர்க் இரண்டும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். டிஸ்ப்ளே என்றால் மொபைல் விளையாட்டுக்கு நடுவே தவறிப் பட்ட கிளிக்கும் உங்கள் கணக்கில் ஏறும். இரண்டையும் எடுங்கள்.

சொல் பொருத்தம். பிராட் மேட்ச்சில் "மோட்டார் ரீவைண்டிங்" என்று போட்டால் ரீவைண்டிங் பயிற்சி வகுப்பு, காப்பர் வயர் விலை, ரீவைண்டிங் மெஷின் வாங்க என்று எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் போகும். ஃப்ரேஸ் (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்), எக்ஸாக்ட் (அதே பொருள் தரும் தேடல் மட்டும்) இரண்டில் மட்டும் தொடங்குங்கள். சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை திறந்து, வேண்டாத தேடலை நெகட்டிவ் பட்டியலில் தள்ளுங்கள். முதல் நாளே போட்டுவிடக்கூடியவை: பயிற்சி, வகுப்பு, வேலைவாய்ப்பு, சம்பளம், ஃபார்முலா, வரைபடம், பிடிஎஃப், வீடியோ, மெஷின், பொம்மை மோட்டார். நெகட்டிவ் சொல் ஒத்த பொருள் சொற்களுக்குத் தானாக விரியாது. "வகுப்பு" போட்டால் "கோர்ஸ்" தடுக்கப்படாது. தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ் என மூன்று வடிவத்தையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

கன்வர்ஷன். எதைக் கன்வர்ஷன் (விளம்பரத்தால் கிடைத்த பலன்) என்று அமைத்திருக்கிறீர்கள்? பக்கம் பார்த்ததையே கன்வர்ஷன் என்று வைத்திருந்தால், தானியங்கி ஏலம் அதைத்தான் துரத்தும். பக்கத்தைத் திறந்துவிட்டு ஓடுகிறவர்களை மலிவாகப் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சாதித்த மாதிரி ரிப்போர்ட் காட்டும். போன் தொடுதல், படிவம் முடிந்தபின் வரும் நன்றிப் பக்கம் இவை மட்டும் கன்வர்ஷன். நன்றிப் பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்ற குறி) போடுங்கள், தேடலிலிருந்து நேராக அங்கே வந்து இறங்குகிறவர் கணக்கைக் கெடுப்பார்.

நேரம். போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் விளம்பர அட்டவணை. இரவு 11 மணிக்குக் கிளிக் செய்தவர் கூப்பிட்டு, மணி அடித்து ஓய்ந்தபின் அடுத்த விளம்பரத்துக்குப் போயிருப்பார்.

கடைசியாக, ரெகமெண்டேஷன்ஸ் பகுதியில் ஆட்டோ அப்ளை ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். நீங்கள் எக்ஸாக்ட் போட்டு வைக்க, அது ஒருபக்கம் பிராட் மேட்ச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

---

சுருள்கம்பி:

மூவருக்கும் நன்றி. பார்த்ததில்:

ரெஜெக்ஸ் போட்டுக் கழித்தால் மிச்சம் மாதம் 140 கிளிக் சொச்சம்தான். லொகேஷன் ஆப்ஷன் "ஆர்வம் காட்டுபவர்கள்" என்றுதான் இருந்தது, டிஸ்ப்ளேயும் டிக் ஆகியிருந்தது. படிவ மெயில் பாதி ஸ்பாமில். எஸ்பிஎஃப் இரண்டு பதிவு இருந்தது, ஒன்றாக்கியாயிற்று.

சர்வீஸ் பக்கத்தில் இப்போது "தரமான சேவை, நியாயமான கட்டணம், அனுபவம் மிக்க பணியாளர்கள்" என்று மூன்று பத்தி, கைகுலுக்கும் படம் ஒன்று. அதில் என்னதான் இருக்க வேண்டும்? சுற்றுவட்டார ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போட்டால் நல்லது என்று ஒருவர் சொன்னார், அதுவும் செய்யலாமா? 40 ஊர் இருக்கும்.

---

வரிசைஎண்9:

40 ஊர்ப் பக்கம் போட்டால் வேலை செய்யும். ஊர்ப் பெயரோடு தேடுகிறவர்கள் உண்டு. ஒரு வார்ப்பு தயார் செய்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் ஒரு நாள் வேலை.

---

தேடல்வரி:

@வரிசைஎண்9 அதைத்தான் கூகுளின் ஸ்பாம் கொள்கை "டோர்வே" என்று பெயர் சொல்லித் தடுக்கிறது: ஊர் ஊராகப் பக்கம் செய்து எல்லோரையும் ஒரே இடத்துக்குத் தள்ளுவது. ஊர்ப் பெயர் தவிர வேறெதுவும் மாறாத 40 பக்கம் பெரும்பாலும் இண்டெக்ஸே ஆகாது, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேராது. சர்ச் கன்சோலில் "கிரால்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு" என்று வரிசையாகக் கிடக்கும். ஆகிவிட்டாலும் ஒன்றோடொன்று போட்டி போட்டு, எது மேலே வரவேண்டும் என்று நீங்களும் தீர்மானிக்க முடியாது. ஓர் ஊருக்குத் தனியாகச் சொல்ல உண்மையிலேயே விஷயம் இருந்தால், அங்கே வாரம் இரண்டு நாள் வண்டி வந்து மோட்டாரை எடுத்துப்போகிறது என்பது போல, அந்த ஊருக்கு மட்டும் பக்கம் போடுங்கள். மற்றவற்றைச் சர்வீஸ் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சர்வீஸ் பக்கத்துக்கு வருவோம். "தரமான சேவை" என்று யாரும் தேடுவதில்லை, அப்படிச் சொல்லாத பட்டறையும் இல்லை. ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடைக்காமல் மூன்றாகப் பிரியுங்கள்: த்ரீ ஃபேஸ் மோட்டார் ரீவைண்டிங், சிங்கிள் ஃபேஸ், நீர்மூழ்கி பம்ப். மூன்றும் வேறு வேறு ஆட்கள் தேடுவது. முதலாவது தொழிற்கூடம், மூன்றாவது கிணற்றில் பம்ப் நின்றுபோனவர்.

ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியது, வந்தவர் போனில் முதல் இரண்டு நிமிடத்தில் கேட்கும் கேள்விகளுக்கான பதில். எத்தனை ஹெச்பி முதல் எத்தனை வரை. எத்தனை நாள் ஆகும், பேரிங் மாற்றினால் எவ்வளவு கூடும். கழற்றி எடுத்துவர ஆள் வருவாரா, அவர்களே கொண்டுவரவேண்டுமா. எந்த வகுப்பு இன்சுலேஷன் (பி என்றால் 130 டிகிரி, எஃப் என்றால் 155 டிகிரி தாங்கும், வித்தியாசம் தெரிந்த வாடிக்கையாளர் இதைத் தேடிப் படிப்பார்). திருப்பித் தரும்போது என்ன சோதனை எழுதித் தருகிறீர்கள்: 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இன்சுலேஷன் மதிப்பு, மூன்று ஃபேஸிலும் லோடு இல்லாமல் எடுக்கும் ஆம்பியர். கட்டணத்தைச் சொல்ல முடியாவிட்டாலும் அது எதைப் பொறுத்து மாறும் என்று சொல்லுங்கள்: ஹெச்பி, சுழல் வேகம், பிடிக்கும் காப்பர் எடை, ஷாஃப்ட் தேய்மானம்.

அதைவிட முக்கியமானது "நாங்கள் செய்யாதவை" என்று இரண்டு வரி. மிக்ஸி, ஃபேன் மோட்டார் எடுப்பதில்லை, பயிற்சி தருவதில்லை, கொரியரில் வரும் மோட்டார் எடுப்பதில்லை. பலர் இதை எழுதத் தயங்குவார்கள், ஆள் குறைந்துவிடுவார்களே என்று. குறையத்தான் வேண்டும்!

படிவத்தில் பெயர், போன், ஹெச்பி, என்ன கோளாறு, பெயர்ப்பலகை போட்டோ. இவ்வளவுதான். போட்டோ கட்டாயம் ஆக்காதீர்கள், "இருந்தால்" என்று விடுங்கள். ஹெச்பி கேட்பதே நல்ல வடிகட்டி, ப்ராஜெக்ட் ஆள் அங்கேயே நின்றுவிடுவார்.

டைட்டில் (தேடல் முடிவில் தெரியும் தலைப்பு). இப்போது "முகப்பு" என்றோ பட்டறைப் பெயர் மட்டுமோ இருந்தால் மாற்றுங்கள். வேலை, அளவு, பகுதி, பிறகு பெயர் என்ற வரிசை: "த்ரீ ஃபேஸ் மோட்டார் ரீவைண்டிங், 1 முதல் 25 ஹெச்பி" என்று ஆரம்பித்துப் பகுதியும் பெயரும். தமிழ் எழுத்து அகலம் அதிகம் என்பதால் ஆங்கில டைட்டிலுக்குச் சொல்லும் 60 எழுத்துக் கணக்கு இங்கே ஒத்துவராது, முக்கியமான சொல் முன்னால் வரட்டும். டிஸ்கிரிப்ஷன் (தலைப்புக்குக் கீழே வரும் விளக்க வரிகள்) தரவரிசையை மாற்றாது, ஆனால் கிளிக் செய்யலாமா என்று ஆள் முடிவெடுப்பது அங்கே. கீவேர்ட்ஸ் மெட்டா டேகில் நேரம் செலவழிக்காதீர்கள், அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

வார்த்தைத் தேர்வில் ஒரு சிக்கல். நீங்கள் "ரீவைண்டிங்" என்பீர்கள், வாடிக்கையாளர் "காயில் கட்டணும்" என்பார், "மோட்டார் காயில் போச்சு" என்பார். சர்ச் கன்சோலில் அவர்கள் அடித்த வடிவம் அப்படியே கிடைக்கும். அதைத் துணைத் தலைப்பில் இயல்பாக ஒருமுறை எழுதினால் போதும், பத்து இடத்தில் திணிக்க வேண்டாம்.

கைகுலுக்கும் படத்தைத் தூக்கிவிட்டு எரிந்த காயில், கட்டி முடித்த காயில் என்று சொந்தப் படம் இரண்டு போடுங்கள். 200 கேபிக்குள் சுருக்கி.

---

வழிகாட்டிப்பலகை:

யாரும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை (வரைபடத்தில் வரும் உங்கள் பட்டறைப் பதிவு) தொடவில்லையே. ஒரு மணி நேரத் தூரத்துக்குள் ஓடும் தொழிலுக்குத் தளத்தைவிட வரைபடத்தில் வரும் அந்த மூன்று பெட்டிதான் முதலில் கண்ணில் படும்.

அங்கே வரிசை மூன்று விஷயத்தால் அமைகிறது என்று கூகுளே சொல்கிறது: பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தத்துக்குப் பிரதான வகைதான் பெரிய கைப்பிடி. "எலக்ட்ரீஷியன்" என்று இருந்தால் வயரிங் வேலைக்குக் கூப்பிடுவார்கள், "மோட்டார் பழுது" என்ற பொருள் தரும் வகையைத் தேடிப் போடுங்கள். கூடுதலாக 9 வகை வரை சேர்க்கலாம், சேர்க்க முடிகிறதே என்று ஒன்பதையும் நிரப்பினால் மறுபடியும் வேண்டாத போன்தான். பெயரில் "ரீவைண்டிங் பெஸ்ட் சர்வீஸ்" என்றெல்லாம் ஒட்டாதீர்கள், பலகையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும், மீறினால் ப்ரொஃபைல் முடக்கப்படலாம். விமர்சனத்துக்குத் தள்ளுபடி தருவதும் விதிமீறல். வேலை முடித்து மோட்டாரை ஒப்படைக்கும் நாளில் இணைப்பை அனுப்பிக் கேட்பது போதும், என்ன மோட்டார், என்ன கோளாறு என்று அவர் எழுதினால் அதுவே அடுத்தவருக்கு உதவும்.

தளத்துக்கான இணைப்பில் யூடிஎம் (எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறிச்சொல்) போடுங்கள்: சோர்ஸ் கூகுள், மீடியம் ஆர்கானிக், கேம்பெயின் ப்ரொஃபைல். இல்லாவிட்டால் வரைபடத்திலிருந்து வந்தவரும் சாதாரணத் தேடலில் வந்தவரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். போட்டால் சர்ச் கன்சோலிலும் அந்த முகவரி தனிப் பக்கமாகத் தெரியும், வரைபடத்தில் எந்தத் தேடலுக்கு வந்தீர்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் இரண்டு தனிக் கணக்காகிவிடும். தளத்துக்கு உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பில் மட்டும் யூடிஎம் போடக் கூடாது, வந்த மூலம் அழிந்து குழம்பும்.

ஏஜென்சி பற்றி: வருகைக்கு உத்தரவாதம் தர முடியும், ஏனென்றால் வருகையை மென்பொருளால் உற்பத்தி செய்ய முடியும். அப்படி வந்ததை எளிதில் கண்டுபிடிக்கலாம். அனலிட்டிக்ஸில் எண் ஏறும், சர்ச் கன்சோலில் கிளிக் ஏறாது. மூலம் "டைரக்ட்", ஈடுபாட்டு நேரம் ஏறக்குறைய பூஜ்யம், திரை அளவும் பிரவுசர் பதிப்பும் ஒரே மாதிரி. 200 பேக்லிங்க் காசுக்கு வாங்குவது கூகுள் கொள்கைப்படி லிங்க் ஸ்பாம், பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விடும், மோசமானால் மேனுவல் ஆக்ஷன் (கூகுள் ஆட்களே பார்த்துத் தரும் தண்டனை). நீங்கள் வாங்கும் பேரிங், பம்ப் விநியோகஸ்தர் தளத்தில் "அங்கீகரித்த பட்டறைகள்" பட்டியல் இருந்தால் அதில் ஓர் இணைப்பு வாங்குங்கள். அதன் வழியாக ஆளே வருவார்.

---

படிவம்_பார்:

அனலிட்டிக்ஸ்ல ரெண்டு சின்ன விஷயம், மறந்துடுவாங்க. பட்டறையிலேர்ந்து நீங்களே தளத்தைத் திறக்கிறதும் வருகையா எண்ணும். அட்மின்ல இண்டர்னல் டிராஃபிக்குன்னு உங்க ஐபியைக் குறிச்சா மட்டும் போதாது, டேட்டா ஃபில்டர்ஸ்ல அது "டெஸ்டிங்"ல நிக்கும், "ஆக்டிவ்" ஆக்கணும். டேட்டா ரிடென்ஷன் (டேட்டாவை வெச்சிருக்கிற காலம்) இயல்பா 2 மாசம். இன்னிக்கே 14 மாசம் ஆக்கிடுங்க, பின்னாடி ஆக்கினா போன டேட்டா திரும்ப வராது.

"எங்கேஜ்டு" எண்ணையும் ரொம்ப நம்பாதீங்க. 10 வினாடிக்கு மேல பக்கத்துல இருந்தாலே அதுல சேர்ந்துடுவாரு. ஃபார்முலா பதிவைப் படிக்கிற மாணவர் பத்து நிமிஷம் இருப்பாரு, மோட்டார் எரிஞ்சவரு எட்டு வினாடியில நம்பரைப் பாத்துக் கூப்பிட்டுப் போயிடுவாரு. உங்க தொழிலுக்கு ரெண்டாவது ஆள்தான் தங்கம்.

---

சுருள்கம்பி:

இதையெல்லாம் மாற்றினால் எத்தனை நாளில் தெரியும்? மாதம் 140 கிளிக்கில் எதை வைத்து முடிவெடுப்பது?

---

ஏலமேசை:

சின்ன எண்ணில் அவசரப்பட்டால் நல்லதையும் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 100 பேர் வந்து ஒருவர்கூடக் கூப்பிடவில்லை என்றாலும், உண்மையான விகிதம் 3 சதவீதம் வரை இருக்க வாய்ப்புண்டு (3-ஐ வந்தவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், 95 சதவீத நம்பிக்கைக்கு). 300 பேர் வந்தும் பூஜ்யம் என்றால்தான் 1 சதவீதத்துக்குக் கீழே என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஆகவே 20 கிளிக்கில் போன் வராத விளம்பரச் சொல்லை அதற்காக மட்டும் நிறுத்தாதீர்கள். சொல்லே பொருந்தாதது என்றால் 1 கிளிக்கிலேயே நிறுத்தலாம், அதற்குக் கணக்குத் தேவையில்லை.

பக்கத்தைத் திருத்தியதும் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் போய் இண்டெக்ஸிங் கேளுங்கள். சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். பிறகு 28 நாளை முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். 30 நாள் எடுத்தால் வாரக்கடைசி கூடக் குறைய வந்து எண் ஆடும். பார்க்க வேண்டிய வரி மூன்றுதான்: பட்டறைப் பெயர் சேராத, விவரத் தேடல் சேராத கிளிக். போன் தொடுதலும் படிவமும் சேர்ந்த எண்ணிக்கை. போன் பக்கத்து நோட்டில் "வேலை எடுத்தது" என்று விழுந்த கோடுகள்.

ஒரே வாரத்தில் டைட்டில், படிவம், விளம்பரம் மூன்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மெயில் கோளாறு, லொகேஷன் ஆப்ஷன் இரண்டும் பிழை, அவற்றை உடனே சரிசெய்தது சரிதான். பக்கத்தை முதலில் மாற்றுங்கள், விளம்பரம் அதுவரை நிற்கட்டும். மூன்று பக்கமும் தயாரானபின் த்ரீ ஃபேஸ் பக்கத்துக்கு மட்டும் எக்ஸாக்ட் மேட்ச்சில் நாலைந்து சொல்லோடு தொடங்குங்கள்.